அக்கா லைனில் இருந்த இரண்டு நாள்

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் டெலிபோன் கம்பி வழியாக வந்துகொண்டிருந்த காலம். ஒரு வீட்டுக்கு ஒரே கம்பி. அதில் பேசினால் இன்டர்நெட் கிடையாது, இன்டர்நெட்டில் இருந்தால் பேச்சு கிடையாது. இந்த ஒற்றைக் கம்பியோடு மல்லுக்கட்டியே பதினோரு வருடம் ஓட்டியவர் அவர். இணைப்பு கொடுக்கும் கம்பெனி ஒன்றின் உதவிப் பிரிவில், மூன்றாவது மாடியில், ஜன்னலோரத்து ஐந்தாம் நம்பர் இருக்கை அவருடையது. காலையில் ஹெட்போனைத் தலையில் மாட்டினால் சாப்பாட்டுக்கு ஒருமுறை கழற்றுவார், வீட்டுக்குக் கிளம்பும்போது ஒருமுறை கழற்றுவார். காதைச் சுற்றி முடி தேய்ந்து அரைவட்டமாகத் தடம் விழுந்திருந்தது.

"இணைப்பு வரமாட்டேங்குது" என்று ஒருவர் கூப்பிடுவார். இவர் பொறுமையாக எல்லாம் சொல்லிக் கொடுப்பார். மோடத்தின் பின்பக்கம் இரண்டு ஓட்டை இருக்கும், சுவரிலிருந்து வருகிற கம்பியை அதில் சரியான ஓட்டையில் செருகியிருக்கிறீர்களா, பக்கத்து அறையில் இன்னொரு போன் இருக்கிறதா, அதை யாராவது எடுத்தார்களா, கம்பி நனைந்திருக்கிறதா. எல்லாம் சொல்லி முடித்ததும் அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே? பார்க்க வேண்டுமானால் கம்பி காலியாக வேண்டும். கம்பி காலியாக வேண்டுமானால் அவர்கள் போனை வைத்தாக வேண்டும். டாக்டர் மருந்தைக் கொடுத்த கையோடு நோயாளியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்வது மாதிரி. வேறு வழியில்லை.

"வச்சிட்டுப் பாருங்க. வரலைன்னா திரும்பக் கூப்பிடுங்க."

ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை இதைச் சொல்வார். அதனால் ஆபீஸில் அவருக்கு 'வச்சிட்டுப்பாருங்க அண்ணன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடிக்கொண்டு வந்தால், வாசலில் இருக்கும் பெண் ஒரு நிமிடம் திருதிருவென்று விழிப்பாள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இணைப்பு வந்துவிட்டால் யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். நன்றி சொல்லக்கூட. எதற்குக் கூப்பிடப் போகிறார்கள், காரியம் முடிந்ததே! கூப்பிடாதவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்றுதான் அந்த மூன்றாவது மாடியில் கணக்கு. பதினோரு வருடம் ஒருவர் இப்படியே உட்கார்ந்திருந்தால், சத்தமில்லாமல் இருப்பதுதான் நல்ல சேதி என்பது ரத்தத்தில் ஊறிப்போகும். அவருக்கு ஊறிப்போயிருந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மோடம் இணைப்பு பிடிக்கும்போது சத்தம் போடும். அந்தச் சத்தம் எந்த இடத்தில் நிற்கிறதோ அதை வைத்து வியாதியைச் சொல்லிவிடலாம். ஆனால் சத்தம் வரும்போது லைன் மோடத்திடம் இருக்கும், இவரால் கேட்க முடியாது. ஆகவே வாடிக்கையாளர்கள் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டு வாயாலேயே போட்டுக் காட்டுவார்கள். பெரிய பெரிய மனிதர்கள், வக்கீல், காலேஜ் புரொபசர், ரிட்டையர் ஆன நீதிபதி ஒருவர், எல்லோரும் வெட்கத்தை விட்டு அவருக்குக் கீச்சிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கேட்டுவிட்டு, "இழுத்து ஒரு கீச் வந்ததா, அதுக்கப்புறம் கரகரன்னு வரலையா? அப்ப கம்பியிலதான் கோளாறு" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இதிலெல்லாம் கில்லாடி அவருடைய அக்காதான்.

அக்கா அவருக்குப் பதின்மூன்று வயது மூத்தவள். பஸ்ஸில் நான்கு மணி நேரத் தூரத்தில், ஒரு தையல் கடைக்கு மேலே மாடி வீட்டில் தனியாக இருந்தாள். ஒரு அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தி நாலு வருடம் டைப்பிஸ்ட். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "எனக்குப் பேச்சு ஜாஸ்தி, எவன் தாங்குவான்?" என்று சொல்லிச் சிரிப்பாள். அது பொய்யில்லை. கடைக்குப் போய்ச் சோப்பு வாங்கி வந்ததை அவள் சொன்னால் அரை மணி நேரம் ஆகும். கடைக்காரரின் பல்வலியிலிருந்து ஆரம்பிப்பாள். தம்பியைப் படிக்க வைத்தது அவள்தான். அதைப் பற்றி மட்டும் அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அவருக்கோ வீட்டில் போன் என்றால் வேப்பங்காய். நாள் முழுக்க ஊரார் குரலைக் காதில் வாங்கிவிட்டு வருகிற மனிதர் வீட்டில் போன் அடித்தால் பாத்ரூமுக்குள் போய்விடுவார். மனைவிதான் எடுப்பாள். அக்கா தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிடுவாள். மனைவி பத்து நிமிடம் பேசிவிட்டு, "இதோ கொடுக்கிறேன் அண்ணி" என்று ரிசீவரை நீட்டுவாள். அவர் அதைக் காதிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு "ம்", "ம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அதில் ஒரு 'ம்' தப்பான இடத்தில் விழுந்துவிடும்.

"டேய், கீழ்க்கடைத் தையல்காரர் சம்சாரத்துக்கு ஆபரேஷன்னு சொல்றேன், நல்லதுங்கிறே?"

"இல்லக்கா, நல்லபடியா ஆகட்டும்னு சொன்னேன்."

"சொன்னே, சொன்னே."

அக்காவுக்குப் புரியாமலா இருக்கும்? முப்பத்தி நாலு வருடம் ஆபீஸர்கள் முணுமுணுத்ததையெல்லாம் டைப் அடித்தவள். தம்பியின் 'ம்' புரியாதா?

கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆபீஸில் கழித்துக் கட்டிய ஒரு கம்ப்யூட்டரையும் மோடத்தையும் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார். அக்கா வீட்டு முன்னறையில், டெலிபோன் இருந்த மேஜைக்குப் பக்கத்திலேயே வைத்து, கம்பி இழுத்து எல்லாம் பூட்டினார்.

"இனிமே சொல்ல வேண்டியதையெல்லாம் இதுல எழுதி அனுப்பிடுக்கா. நான் ஆபீஸ்ல நிதானமா உக்காந்து படிப்பேன். போன்ல பேசுனா பாதி மறந்துடுது."

அக்கா கம்ப்யூட்டரை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "என் குரலைக் கேட்டு உனக்குச் சலிச்சுப் போச்சு. அதுக்கு ஏண்டா இவ்வளவு கனத்தைத் தூக்கிட்டு வந்தே? வாயால சொல்லியிருந்தா நானே குறைச்சிருப்பேனே?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவரும் சிரித்து மழுப்பிவிட்டார். அன்று மத்தியானம் அவளுக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். மவுஸைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை. கீ போர்டு அவள் கை பட்டதும் குதிரைபோல ஓடியது.

அதற்குப் பிறகு ஏழு மணி போன் நின்றது. அதற்குப் பதிலாகக் கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பக்கம், ஒரு பிழை இருக்காது. தையல்காரர் சம்சாரம் தேறி வந்தது, மாடிப்படியில் பல்பு போனது, ஓய்வூதிய அலுவலகத்தில் புதிதாக வந்த குமாஸ்தாவின் ஆங்காரம், எல்லாம் அதில் இருக்கும். அவர் சாப்பாட்டு நேரத்தில் படிப்பார். படித்துச் சிரிக்கவும் செய்வார். பதில் எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் வராது. 'கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம்.' அக்காவும் அதைக் குறை சொன்னதில்லை.

ஆனால் அக்கா வீட்டு மோடத்துக்கு மட்டும் மாதத்தில் நாலைந்து முறை உடம்புக்கு முடியாமல் போகும். முடியாமல் போனால் உதவிப் பிரிவைக் கூப்பிடுவாள். தம்பி வீட்டில் பாத்ரூமுக்குள் ஒளியலாம், ஆபீஸில் ஒளிய முடியுமா? அந்த நம்பருக்கு வரும் அழைப்பை எந்த இருக்கை காலியாக இருக்கிறதோ அதற்கு மெஷின் தள்ளிவிடும். அது என்ன ராசியோ, அக்காவின் அழைப்பு அனேகமாக நாலாம் நம்பருக்கே போய் விழும். நாலாம் நம்பரில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, கலகலப்பானவள், அவருக்குப் பக்கத்து இருக்கை. அக்காவும் அவளும் முதலில் இரண்டு நிமிடம் தங்கள் கதையைப் பேசித் தீர்ப்பார்கள். பிறகு அவள் இரண்டு இருக்கைக்கும் நடுவில் இருந்த பலகைத் தட்டிக்கு மேலே தலையை நீட்டி, "அண்ணே, உங்க அக்கா. இன்னைக்கு நல்லாப் போடுறாங்க, கேளுங்க" என்று சொல்லித் தள்ளிவிடுவாள்.

"டூ...ங், டிடிடிடிட், கீஈஈஈ, ப்ய்ங் ப்ய்ங், கர்ர்ர்ர், அவ்வளவுதாண்டா. அப்புறம் ஒண்ணுமில்ல."

தப்பே சொல்ல முடியாது, அப்படியே மோடம் பேசுவது மாதிரி இருக்கும். ஒருநாள் நாலாம் நம்பர்ப் பெண் அதை ஒலிபெருக்கியில் போட்டுவிட, மூன்றாவது மாடியே சிரித்தது. அவருக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. அவர் குரலைத் தாழ்த்தி, கம்பியைக் கழற்றி மாட்டச் சொல்லி, மற்றவர்களுக்குச் சொல்வதையே அவளுக்கும் சொல்லி முடித்தார். அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காக "சரி, சரி" என்றாள்.

இந்த ஏற்பாட்டில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. எப்போதாவது மனசு உறுத்தி, வீட்டிலிருந்து அக்காவுக்கு டயல் செய்வார். லைன் எங்கேஜாக இருக்கும். 'பீப், பீப், பீப்.' உடனே வைத்துவிட்டு மனைவியிடம், "அக்கா லைன்ல இருக்கா. உக்காந்து எழுதிட்டிருக்கா" என்பார். அந்தச் சத்தம் அவருக்கு அவ்வளவு இதமாக இருந்தது. பேச வேண்டியதும் இல்லை, பேசாமல் விட்டோமே என்ற உறுத்தலும் இல்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை அக்கா கூப்பிட்டாள். இணைப்பு வருகிறது, மூன்று நிமிடத்தில் அறுந்துபோகிறது என்றாள். குரல் கொஞ்சம் களைத்திருந்த மாதிரி இருந்தது. அன்று மழை, எல்லா வீட்டுக் கம்பியும் நனைந்து மூன்றாவது மாடி அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்தது. வரிசையில் இருபத்திரண்டு பேர் காத்திருப்பதாகச் சுவரில் இருந்த சிவப்பு எழுத்து சொன்னது.

"சுவர்ல இருக்கிற பெட்டியைத் துடைச்சு, கம்பியைத் திரும்ப மாட்டுக்கா. வச்சிட்டுப் பாரு. வரலைன்னா கூப்பிடு."

"வந்துச்சுன்னா?"

"என்னது?"

"வந்துச்சுன்னா கூப்பிடக் கூடாதா?"

"வந்துட்டா எதுக்குக்கா கூப்பிடணும்? இங்க இருபத்திரண்டு பேர் நிக்கிறாங்க."

"சரிடா, சரிடா. போய்ப் பாரு அவங்களை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் கூப்பிடவில்லை. ஆக, இணைப்பு வந்துவிட்டது. அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார், வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? சனிக்கிழமை ஆபீஸ் மத்தியானம் இரண்டு மணி வரை. சாயங்காலம் மனைவி, "அண்ணிக்கு ஒரு போன் போடுங்களேன், மழை வேற அடிச்சு ஊத்துது" என்றாள். டயல் செய்தார். பீப், பீப், பீப்.

"லைன்ல இருக்கா" என்றார். அவருக்கு உள்ளூர ஒரு பெருமை. தான் சொன்ன வைத்தியம் பலித்துவிட்டதல்லவா!

ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டார். எங்கேஜ். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போட்டார். எங்கேஜ். சாயங்காலம் போட்டபோதும் அதே பீப் சத்தம்.

மனைவி புருவத்தைச் சுருக்கினாள். "இவ்வளவு நேரமாவா?"

"உனக்குத் தெரியாது. இன்டர்நெட்லேர்ந்து எதையாவது இறக்கிட்டிருப்பா. ஒரு பாட்டு இறங்கவே ஒரு மணி நேரம் ஆகும். மூணு நிமிஷம் நிக்காத லைன் ரெண்டு நாளா அறுந்துபோகாம நிக்குது பாரு!"

"எதுக்கும் கீழ்க்கடைத் தையல்காரருக்குப் போன் பண்ணிக் கேக்கலாமா?"

"ஞாயித்துக்கிழமை கடை ஏது? சும்மா இரு. அவ சந்தோஷமா இருக்கட்டும்."

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்திருந்தால் கடிதம் வந்திருக்கிறதா என்று பார்த்திருப்பார். ஆனால் வீட்டில் அந்தச் சனியன் வேண்டாம் என்று அவர் வாங்கவேயில்லை. காலையில் ஆபீஸில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார். நன்றாகத் தூங்கினார். அந்தத் தூக்கத்தை நினைத்துத்தான் பின்னாளில் அவர் அதிகம் குமைந்தார்.

திங்கட்கிழமை ஆபீஸ் கம்ப்யூட்டரில் கடிதப் பெட்டியைத் திறந்தார். அக்காவிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. வியாழனுக்குப் பிறகு எதுவுமே இல்லை. இரண்டு நாள் லைனில் இருந்தவள் ஒரு வரி எழுதவில்லையா? அதே நேரத்தில் நாலாம் நம்பர்ப் பெண் தலையை நீட்டினாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. "அண்ணே, உங்க அக்கா ஊர்லேர்ந்து யாரோ தையல்காரராம். உங்களைக் கேக்கிறார்."

தையல்காரர் தைத்த துணியைக் கொடுக்க மாடிக்குப் போயிருக்கிறார். வாசலில் நேற்றைய பால் பாக்கெட்டும் இன்றைய பால் பாக்கெட்டும் அப்படியே கிடந்திருக்கின்றன. தட்டிப் பார்த்து, கூப்பிட்டுப் பார்த்து, கடைசியில் கதவை உடைத்திருக்கிறார்.

"உயிர் இருக்குதுங்க. ஆஸ்பத்திரியில சேர்த்துட்டோம். பேச்சு இல்லை. நீங்க உடனே வந்துடுங்க."

நாலு மணி நேர பஸ் பயணத்தில் அவர் என்ன நினைத்தார் என்று யாரிடமும் சொன்னதில்லை. முன் இருக்கைக் கம்பியைப் பிடித்த பிடி விடாமலே வந்தார் என்று கூட வந்த மனைவி சொல்வாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். "மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருக்கு. சனிக்கிழமை பகல்லயே ஆகியிருக்கணும். அன்னைக்கே கொண்டு வந்திருந்தா ஓரளவு பார்த்திருக்கலாம். ஒன்றரை நாளுக்கு மேல தரையில கிடந்திருக்காங்க. வீட்டுக்கு யாரும் போன் கூடப் பண்ணலையா?" என்றார்.

"பண்ணேன்" என்றார் அவர். "ரெண்டு நாளா பண்ணேன்."

எங்கேஜ் சத்தத்தைக் கேட்டு மகிழ்ந்துபோய் வைத்தேன் என்று ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போனார். டெலிபோன் மேஜைக்குக் கீழே ரிசீவர் தொங்கிக்கொண்டிருந்தது. உடைந்த கதவு, கலைந்த பாய், யாருக்கும் அதை எடுத்து வைக்கத் தோன்றாமல் போயிருக்கிறது. ரிசீவர் கீழே கிடந்தாலும் லைன் எங்கேஜ்தான். இதை அவர் வாடிக்கையாளர்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்! 'போனைச் சரியா வச்சிருக்கீங்களான்னு பாருங்க' என்பது அவருடைய பட்டியலில் முதல் கேள்வி. கம்ப்யூட்டருக்கு அக்கா பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தாள். உறை நலுங்காமல் இருந்தது. சனிக்கிழமை அதை அவள் திறக்கவேயில்லை. அவர் அந்த அறை நடுவில் நின்று வாய்விட்டு அழுதார். தையல்காரர் வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் தவித்தார்.

ஐந்து நாள் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தாள். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. கண் திறந்திருக்கும், பார்ப்பாள், தம்பி என்று அவளுக்குத் தெரிந்தது. வாய்தான் வரவில்லை. சோப்பு வாங்கிய கதையை அரை மணி நேரம் சொல்கிற வாய். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் விடாமல் பேசினார். ஆபீஸ் கதை, கீச்சிட்ட நீதிபதி கதை, மனைவி வாங்கிய குடை தொலைந்த கதை, எது வாயில் வந்ததோ அது. பக்கத்துக் கட்டில்காரி, "உங்க தம்பிக்குப் பேச்சு ஜாஸ்திம்மா" என்றாள். அக்காவின் உதடு கோணலாகச் சிரித்தது.

மூன்றாம் நாள் அவளுடைய இடது கை விரல்கள் படுக்கை விரிப்பின் மேல் அசைந்தன. சும்மா அசையவில்லை. ஒவ்வொரு விரலும் தனித்தனியாக, அழுத்தி, எடுத்து. அவள் டைப் அடிக்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் டைப்பிங் அவருக்குத் தெரியாது, கம்ப்யூட்டரில் இன்றைக்கும் இரண்டு விரலால் தட்டுகிறவர். எந்த விரலுக்கு எந்த எழுத்து? அதுவும் ஒற்றைக் கையால், பாதி எழுத்துதானே வரும்? நர்ஸிடம் பேப்பரும் பேனாவும் வாங்கி அவள் கையில் கொடுத்துப் பார்த்தார். பேனா நழுவி விழுந்தது. "என்னக்கா, என்ன சொல்றே?" என்று குனிந்து குனிந்து கேட்டார். விரல்கள் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு ஓய்ந்தன. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அக்கா போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து, வீட்டைக் காலி செய்து, அவர் வேலைக்குத் திரும்ப மூன்று வாரம் ஆயிற்று. ஆபீஸில் எல்லோரும் வந்து கையைப் பிடித்தார்கள். அவரும் வழக்கம்போல் ஹெட்போனை மாட்டினார். ஆனால் ஒரு கேள்வி அவரை அரித்துக்கொண்டே இருந்தது. ரிசீவரை எடுத்தாளே, யாரைக் கூப்பிட எடுத்தாள்? தூசு தட்ட எடுத்திருக்கலாம். எடுத்தவுடனே, ஒரு நம்பர்கூட அழுத்துவதற்கு முன்னால் விழுந்திருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். அவள் கூப்பிட்டு யாரும் எடுக்கவில்லை என்று இருந்துவிடக் கூடாது. அன்று பகலில் வீட்டுக்குப் போன் எதுவும் வரவில்லை என்று மனைவி அடித்துச் சொன்னாள். அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே நம்பர்தான். சனிக்கிழமை மத்தியானம் வரை தம்பி எங்கே இருப்பான் என்று அக்காவுக்குத் தெரியாதா?

உதவிப் பிரிவுக்கு வரும் ஒவ்வொரு அழைப்பையும் மெஷின் தானே பதிந்துகொள்ளும். நேரம், கூப்பிட்ட நம்பர், எந்த இருக்கை எடுத்தது, எவ்வளவு நேரம். எடுத்தவர் கடைசியில் ஒரு குறிப்புச் சேர்ப்பார். வாராவாரம் அதை அச்சடித்துக் கட்டாகக் கட்டி, சூப்பர்வைசர் அலமாரியில் வைத்திருப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில், அறையில் பாதிப் பேர் கேன்டீனுக்குப் போயிருந்தபோது, அவர் அந்த வாரத்துக் கட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்துப் புரட்டினார். சனிக்கிழமைப் பக்கங்களை விரலால் கோடு பிடித்தாற்போல் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பதினொன்று இருபதில் விரல் நின்றது.

அக்காவின் நம்பர். இருக்கை நான்கு. முப்பத்தெட்டு நொடி. குறிப்பு: பேச்சு இல்லை.

பேச்சில்லாத அழைப்பு தினமும் இருபது முப்பது வரும். குழந்தை ரிசீவரை இழுத்திருக்கும், கம்பியில் கோளாறு இருக்கும், மோடமே தப்பாக டயல் செய்திருக்கும். மூன்று தடவை ஹலோ சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். அது ஆபீஸ் விதி. எடுப்பவர் திரையில் நம்பர் தெரியாது. அவராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். பதினொன்று இருபதுக்குத் தன்னுடைய ஐந்தாம் நம்பர் வரியையும் தேடிப் பார்த்தார். ஒன்பது நிமிட அழைப்பு ஒன்று. யாருக்கோ கம்பி மாட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு இருக்கைக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி. இந்தப் பக்கம் அவர் பேசிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் அக்கா வாய் வராமல் முப்பத்தெட்டு நொடி இருந்திருக்கிறாள்.

"அண்ணே, சாப்பிடப் போகலையா?"

நாலாம் நம்பர்ப் பெண் கேன்டீனிலிருந்து திரும்பியிருந்தாள். அவருக்கென்று ஒரு டீ வாங்கி வந்து மேஜையில் வைத்தாள். அவர் கட்டை மூடினார்.

"என்னண்ணே பார்க்கிறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. பழைய கணக்கு."

அவள் தன் இருக்கையில் உட்கார்ந்தாள். ஹெட்போனைக் கையில் எடுத்தவள், மாட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவங்க கூப்பிட்டா பாதி நாள் எனக்குத்தாண்ணே வந்து விழும். முதல்ல நான் என்ன சாப்பிட்டேன்னு கேப்பாங்க, அப்புறம்தான் மோடம். எங்கம்மாகூட அப்படிக் கேட்டதில்ல." அவள் ஹெட்போனை மேஜையில் வைத்தாள். "அந்த சனிக்கிழமைகூட நினைச்சேன். மழை பெஞ்சா அக்கா கட்டாயம் கூப்பிடுவாங்களே, இன்னைக்கு ஏன் காணோம்னு. அன்னைக்கு மட்டும் கூப்பிட்டிருந்தாங்கன்னா, குரலை வச்சே ஏதோ சரியில்லன்னு கண்டுபிடிச்சிருப்பேன். ஏண்ணே அவங்க கூப்பிடல?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கட்டின் மேல் இருந்த கையை எடுக்கவில்லை.

"முடிஞ்சிருக்காதும்மா" என்றார். "எடுத்த உடனே விழுந்துட்டா. யாரையும் கூப்பிடல."